வரியும் வாளியும்

வரியில் திரும்பி வரப்போகும் பணத்தின் வாசனைகூட மனைவியின் மூக்குக்கு எட்டக் கூடாது என்று பெரியப்பா கங்கணம் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டது மாடிப்படியில், எதிர்வீட்டுக் கணக்கர் முன்னிலையில்.

பெரியப்பா என்பது அவருக்கு வேலையிடத்தில் கிடைத்த பட்டம். நாற்பது தாண்டிய பிறகு இருந்த வேலை போய், ஒரு எலக்ட்ரீஷியன் மேஸ்திரியிடம் அப்ரண்டீஸாகச் சேர்ந்திருந்தார். கூட வேலை பழகுகிறவர்களுக்கெல்லாம் இப்போதுதான் மீசை அரும்புகிறது. வேறென்ன பெயர் வைப்பார்கள்? சம்பளம் பாதிதான். வரியை மட்டும் முழுச் சம்பளக்காரனிடம் பிடிப்பதுபோல் கூசாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கூடுதலாப் பிடிச்சதைத் திருப்பிக் கேக்கலாம் சார்" என்றார் கணக்கர். "சொந்தக் காசுல வாங்கின டிரில், டெஸ்டருக்கெல்லாம் ரசீது இருக்கா?"

"இருக்கு."

"வேலை உடுப்பை யார் துவைக்கிறது? நீங்களே துவைச்சா அந்தச் செலவுக்கும் இந்த ஊர்ல வரியில கொஞ்சம் கழிப்பாங்க."

"நானேதான்!" யோசிக்கவே இல்லை பெரியப்பா.

கணக்கர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வாரத்துக்கு எத்தனை தடவை?"

"கேட்டுச் சொல்றேன்."

"யாரை?"

"என்னையேதான்."

இவ்வளவும் ஒரு நாற்காலிக்காக. கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது அது. பிடியை இழுத்தால் முதுகு சாயும், கால் தானாக உயரும். சும்மா உட்கார்ந்து பார்க்கப் போன பெரியப்பா அதில் தூங்கியே போய், கடைக்காரர் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. நாளெல்லாம் கூரைக்கடியில் குனிந்து வயர் இழுக்கிறவருக்கு முதுகு என்று ஒன்று இருப்பது வலிக்கும்போதுதான் தெரிந்தது. வீட்டு சோபாவில் ஒரு ஓரம் மனைவிக்கு, மறு ஓரம் மடிக்காத துணிக்கு. நடுவிலிருந்த உடைந்த ஸ்பிரிங் இவருக்கு. நாற்காலி என்று வாயெடுத்தாலே, "அடுத்த மாசம் பாக்கலாங்க" என்பாள். அந்த அடுத்த மாதம் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

அன்று சாயங்காலம் மெல்ல ஆரம்பித்தார்.

"ஏம்மா, என் வேலை உடுப்பை வாரத்துக்கு எத்தனை தடவை துவைக்கிற?"

துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஏங்க?"

"சும்மாதான்."

"கல்யாணமான நாள்லேர்ந்து, துணி தானாக் குளிச்சு, தானா பீரோவுக்குள்ள நடந்து போகுதுன்னு நெனச்சிட்டிருந்தவராச்சே நீங்க?"

"ஒரு அக்கறைல கேட்டேன்."

அவள் எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே. ஒரு நாள் விட்டு ஒரு நாள். போதுமா? என்ன சோப்புன்னும் சொல்லணுமா?"

"அதையும் சொல்லிடேன்" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீல சோப்பு" என்றாள் அவள். அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை.

விண்ணப்பம் எழுத ரசீதெல்லாம் கணக்கர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பெரியப்பாவின் நிம்மதியும் அதோடு போயிற்று. எங்கே போறீங்க, யாரோட பேசறீங்க என்று குடைந்தெடுக்கிறவள் இப்போது எதையுமே கேட்கவில்லை. கேட்காமலே இரண்டாவது டீ வந்தது. பெரியப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். ஒருநாள் படியில் கணக்கரும் அவளும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் பேச்சு நின்றது.

ஆனாலும் பணம் வந்தது. நாற்காலியும் வந்தது.

"மேஸ்திரி குடுத்த பரிசு. நல்லா வேலை கத்துக்கறேனாம்."

"அடேங்கப்பா, அவருக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!" என்றாள் மனைவி.

பெரியப்பா உட்கார்ந்தார். பிடியை இழுத்தார். முதுகு சாய்ந்தது, கால் உயர்ந்தது. சொர்க்கம்!

"சொல்ல மறந்துட்டேங்க. வரி ஆபீஸ்லேர்ந்து பேசினாங்க."

நாற்காலி விருட்டென்று நிமிர்ந்தது. "எ... என்னவாம்?"

"உங்க உடுப்பை நீங்களே துவைக்கிறதா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களாமே? நெஜமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கட்டின புருஷனை விட்டுக்கொடுப்பேனா? அவரேதாங்க, என்னைத் தொடக்கூட விடமாட்டாருன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளையா சந்தேகப்பட்டோம் என்று உருகிப் போனார்.

"ஆனா என்னிக்கு வேணா நேர்ல வந்து பாப்பாங்களாம். பொய்யுன்னா பணத்தோட அபராதமும் கட்டணுமாம்." அவள் அவர் முன்னால் ஒரு வாளியை வைத்தாள். "எதுக்கும் ஜாக்கிரதையா இருந்துக்கலாங்க."

அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெரியப்பா குளியலறையில் குனிந்தார். பகலெல்லாம் கூரைக்கடியில் குனிந்தது போதாதென்று இது. ஹாலில் நாற்காலி சும்மா கிடக்கக் கூடாதே என்று மனைவி அதில் சாய்ந்துகொண்டாள். "காலரை நல்லாத் தேய்ங்க. ஆபீசர் மொதல்ல காலரைத்தான் பாப்பாரு" என்று அங்கிருந்தபடியே குரல் வரும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பெரியப்பா சட்டையை அடித்துத் துவைத்தார்.

கடைசியில் பொறுக்கமுடியாமல் கணக்கரைப் படியில் மடக்கினார். "அந்த ஆபீசர் எப்பதான் சார் வருவாரு?"

"எந்த ஆபீசர்?"

"துவைக்கிறதைப் பாக்கறதுக்கு."

கணக்கர் சிரித்த சிரிப்பில் படிக்கட்டே அதிர்ந்தது. "அதுக்கெல்லாம் யார் சார் ஆள் அனுப்பறாங்க? போன்கூடப் பண்ண மாட்டாங்க. நான்தான் எழுதறதுக்கு முன்னாடி உங்க வீட்டம்மாவைக் கேட்டேன். அவரேதான் துவைக்கிறாருன்னு ஒரே போடா போட்டாங்களே!"

பெரியப்பா வீட்டுக்குள் புயலாக நுழைந்தார். "ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரும் போன் பண்ணலியாமே!"

நாற்காலியில் சாய்ந்திருந்தவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "அப்படியா? சரி, நாமளே பண்ணி உண்மையைச் சொல்லிடுவோம். நம்பர் கணக்கர்கிட்ட இருக்கும், வாங்கிட்டு வாங்க."

பெரியப்பா நின்றார். அவள் செய்யக்கூடியவள். அதில் மட்டும் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை.

மெல்லச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நீல சோப்பு தீந்துபோச்சு. புதுசு எங்க வெச்சிருக்க?" என்றார்.