வார்னிஷ் பூசாத பொய்மீன்

ஊ...ம்ம்ம்ம்.

விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் அது ஆரம்பித்தது. ஒரு ராட்சசன் அண்டாவுக்குள் தலையை விட்டு முனகுவது போல ஒரு சத்தம். பிறகு ஒரு விசில். அது எங்கள் கரையில் புறப்பட்டு ஏரிமீது கிடுகிடுவென்று ஓடி, எதிர்க்கரையில் போய் டமாரென்று முட்டிக்கொண்டு நின்றது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. தொட்டிலில் பெனடிக்ட் விழித்துக்கொண்டு தன் பங்குக்கு ஆரம்பித்தான்.

"என்னங்க! ஏரி கத்துது!"

"ம்."

"எந்திரிங்களேன். என்ன அது?"

என் கணவர் அலோய்ஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "பனிக்கட்டி பிளக்குது ஓடிலியா. வேற என்ன?"

"ஐயோ! அது மேலதானே தினமும் நடந்து போறீங்க!"

"எங்க கால் வைக்கணும்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்க ஏரிப் பக்கமே வரக்கூடாது. முக்கியமா பொம்பளைங்க. அதுலயும் முக்கியமா கைக்குழந்தைக்காரி."

கண்ணை மூடிக்கொண்டார். மூடுவதற்கு முன் அதில் ஒரு திருப்தி மின்னி மறைந்தது. அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் வளர்த்த பிள்ளை. இடி இடித்தால் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராகிவிடுவேன். போதாக்குறைக்கு, பெனடிக்ட் பிறந்த நாளிலிருந்து நான் தூங்கவே இல்லை. அவனுக்கு ஓயாத வயிற்றுவலி, ஓயாத அழுகை. "தானா சரியாயிடும்" என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டேன். "காலேஜ் சேர்றதுக்குள்ள" என்றார். ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உலாத்துவேன். பகல் முழுக்க ஜன்னலில் நின்று, பனி இன்றைக்கு இவரை விழுங்கிவிடுமோ என்று ஏரியையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். தூக்கம். ஒரே ஒரு நாள், யாரும் கூப்பிடாத தூக்கம்.

இந்த ஏரி வம்புக்கெல்லாம் காரணம் அலோய்ஸ் செய்த ஒரு சபதம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது, உருளைக்கிழங்கு அடைதான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த அடையை முறைத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"இனிமே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்த மேஜையில நார்தர்ன்!"

நார்தர்ன் என்பது வாத்து மூக்கும் முதலைப் பல்லும் வைத்துக்கொண்டு எங்கள் ஏரிக்கடியில் திரிகிற மீன். அதற்காக ஓர் இருட்டுக் குடிசை கட்டினார். அதற்கு ஜன்னல் இல்லை. எங்கள் கொல்லைக் கழிப்பறையைவிடக் கொஞ்சம் பெரிது. அதைப் பனிமேல் இழுத்துப் போய் வைத்து, தரையில் ஒரு பெரிய துளை வெட்டி, ஒரு குட்டி அடுப்பும் போட்டார். இருட்டில் உட்கார்ந்து, கயிற்றில் கட்டிய மரமீனைத் துளைக்குள் இறக்கி ஆட்ட வேண்டும். சாப்பாடு என்று நினைத்து நிஜமீன் பார்க்க வரும். வந்தால் ஈட்டி.

அந்த மரமீனுக்கு நான் வைத்த பெயர் பொய்மீன். அதை அவர் என் சமையலறையில்தான் செதுக்கினார். சூப்பில் மரத்தூள். காபியில் மரத்தூள். வயிற்றைக் குடைந்து ஈயம் ஊற்ற வேண்டும் என்று என் சூப் கரண்டியில் ஈயத்தை உருக்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சூப்பைக் கோப்பையால்தான் அள்ளுகிறோம். காபி டப்பாவை வெட்டித் தகரத்தில் துடுப்பும் வாலும் வைத்தார். முதல் மீன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போல வந்தது. துணி துவைக்கும் தொட்டியில் விட்டதும் மல்லாந்து மிதந்தது.

"செத்த மீனையா செஞ்சீங்க?"

"அது ஓய்வெடுக்குது."

அது விறகுப் பெட்டிக்குள் ஓய்வெடுக்கப் போனது. இரண்டாவது மீன் பரவாயில்லை. குப்புற மூழ்கியது. அதற்கு வர்ணம் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு அது தெரியும். கான்வென்ட்டில் சிஸ்டர் அடெல்ஹைட் புனிதர் சிலைகளுக்கு வர்ணம் தீட்டுவார். நான் கிண்ணம் ஏந்தி நிற்பேன். முதலில் வெள்ளைப் பூச்சு. அதன்மேல் தண்ணீரில் குழைத்த வர்ணம். கன்னத்தில் ரோஜாச் சிவப்பு. கடைசியில் வார்னிஷ். வார்னிஷ் பூசும் வரை சிலைக்குப் பக்கத்தில் யாரும் தும்மக்கூடக் கூடாது. ஒரு துளி பட்டால் புனிதர் அழுத மாதிரி ஆகிவிடும்.

நான் கற்றதைத்தான் செய்தேன். ஆனால் கை பழக்கத்தை விடவில்லை. மீனின் கண்கள் வானத்தைப் பார்த்தன. கன்னம் சிவந்திருந்தது. முட்டை வாங்க வந்த அடுத்த வீட்டுக் குட்ரூன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் நார்வேக்காரி, லூத்தரன் சபை; பாவசங்கீர்த்தனமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது.

"என்னடி இது, பாவமன்னிப்புக்கு வரிசையில நிக்கிற மாதிரி இருக்கு? எங்க பக்கத்து மீனுங்களுக்கு இவ்வளவு பக்தி கிடையாதம்மா."

மறுநாள் வார்னிஷ் பூசலாம் என்று மீனை ஜன்னல் திண்டில் வைத்திருந்தேன். விடிந்ததும் அலோய்ஸ் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"என்னங்க, அது இன்னும் முடியலை!"

"மீனுக்கு எதுக்கு அலங்காரம்? வரேன்."

அன்று முழுக்க எனக்கு ஒரே கவலை. தண்ணீர் பட்டதும் சாயம் கரையும். துளைக்குள் மேகம் மாதிரி சிவப்பு கிளம்பும். மனிதர் எவ்வளவு ஆசையோடு போனார்! சாயங்காலம் அவர் வந்தபோது, என்ன திட்டுவாரோ என்று கதவோரம் ஒண்டி நின்றேன்.

வந்தவர் முகம் பூவாய் மலர்ந்திருந்தது.

"ஓடிலியா! ஓடி! என்ன மீன்டி அது! தண்ணிக்குள்ள நாள் பூரா சுத்திச் சுத்தி வந்தது. ஒரு நார்தர்ன் வந்தான் பாரு, இந்த மேஜை நீளம். நம்ம மீனோட மூக்கோடு மூக்கு வைச்சு நின்னான். நான் ஈட்டியை எடுத்தேன். கண் இமைக்கிற நேரத்துல போயிட்டான்."

கோட்டுப் பையிலிருந்து மீனை எடுத்தேன். கண்கள் வானத்தைப் பார்த்தபடியே இருந்தன. கன்னத்தில் ரோஜாச் சிவப்பு அப்படியே இருந்தது. விரலை நாக்கில் தொட்டு வாலில் வைத்தேன். விரல் பச்சையானது.

இந்த மீன் தண்ணீரைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

மீனைத் திரும்பக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்தேன். வார்னிஷ் பூசவில்லை. மறுநாளும் அதே மீன் போனது. அதே கன்னத்தோடு திரும்பி வந்தது. நார்தர்ன் மட்டும் கதவு நீளம் ஆகியிருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு கையும் போதாமல் பெனடிக்டின் தொட்டிலையும் சேர்த்துக் காட்டினார்.

அப்படியானால் இவர் அங்கே என்னதான் செய்கிறார்?

விடை குட்ரூனிடம் இருந்தது. அவளுக்கே அது தெரியாது.

"ஏன்டி, இந்த ஏரி பகல்லகூட முழங்குதாமே! உங்க குடிசைப் பக்கம் போனா கேக்குதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. விட்டு விட்டு முழங்குதாம். நடு நடுவுல புரண்டு படுக்குதாம்."

"அக்கா... பனிக்கட்டி பிளக்கிறப்போ அப்படித்தானே சத்தம் வரும்?"

"பிளக்கிறதா? யார் சொன்னது? குளிர்ல அது தடிக்குதுடி! கத்துற ஏரி மேல குதிரை வண்டியே போகலாம். வசந்த காலத்துல சத்தமே இல்லாம கிடக்கும் பாரு, அப்போ பயப்படு."

அவள் போன பிறகு அழுகிற பெனடிக்டை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். எத்தனை நாள் ஜன்னலில் நின்றேன்! இவர் உயிருக்காக எத்தனை ஜெபமாலை! அத்தனையும் அங்கே குறட்டைக்குத் தாலாட்டாகப் போயிருக்கிறது.

விறகுப் பெட்டியிலிருந்து அந்தச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மீனை வெளியே எடுத்தேன்.

வயிற்றை இன்னும் குடைந்து ஈயம் ஊற்றினேன். சூப் கரண்டிதான் எப்படியும் போய்விட்டதே. வால் தகரத்தைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாக வளைத்தேன். வெள்ளை, வர்ணம், பிறகு வார்னிஷ். தூசி படாமல் வாளியைக் கவிழ்த்து மூடி, காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. மூன்றாவது பூச்சில் அந்தக் கிழங்குக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது. நான் அடித்த பச்சைதான் அது. ஆனால் இப்போது ஆழத்தில் இருந்தது. ஈரமாக, உயிரோடு.

பெனடிக்டைக் குளிப்பாட்டும் தொட்டியில் மீனை விட்டுக் கயிற்றைச் சுண்டினேன். மூக்கைச் சாய்த்தது. புறப்பட்டது. தொட்டிக்குள் ஒரு முழு வட்டம் போட்டு என் கைக்கே திரும்பி வந்தது. மரக்கட்டையப்பா! அதை நீந்தச் சொன்னது யார்?

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். வீட்டில் சத்தமே இல்லை. பெனடிக்ட் அழவில்லை. வாயைப் பிளந்துகொண்டு மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கயிற்றை நிறுத்தினேன். அழுதான். சுண்டினேன். நிறுத்தினான்.

மறுநாள் மதியம் பெனடிக்டைப் போர்வைகளில் சுருட்டிக்கொண்டு, மீனைப் பையில் போட்டுக்கொண்டு ஏரியில் இறங்கினேன். பாதி வழியில் அது என் காலடியிலேயே முழங்கியது. கால் வழியாக ஏறிப் பல்லில் வந்து அடித்தது. நின்றுவிட்டேன். குட்ரூன் சொன்னது அறிவுக்குத் தெரிந்தது; காலுக்குத் தெரியவில்லை. பிறகு சத்தம் என்னைத் தாண்டி வெகுதூரம் போயிற்று. ஒரு முழு ஏரியும் மூச்சு விடுகிறது, அதன்மேல் நான் நிற்கிறேன், அது என்னைத் தாங்குகிறது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பெனடிக்டுக்கு அதெல்லாம் இல்லை. அவன் அழுதுகொண்டே வந்தான்.

குடிசைக்குள்ளிருந்து இன்னொரு முழக்கம் கேட்டது. கதவைத் திறந்தேன்.

வைக்கோல் மெத்தை. வீடெல்லாம் தேடிய என் வாத்திறகுத் தலையணை. ஆணியில் தொங்கிய பக்திமீன். துளைமேல் மூடி உறைந்த பனி. நடுவில் அலோய்ஸ்.

"ஓடி! நீயா? பனி பிளக்குமே!"

"உங்க கால்தடத்து மேலயே கால் வைச்சு வந்தேன். எங்க வைக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

"நான் இப்பத்தான் ஒரு நிமிஷம்... மீன் வர்ற வரைக்கும் அசையாம இருக்கணும், அதான்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"கண்ணு பளபளக்கும்ல? மீன் பயந்துரும்."

"துளை உறைஞ்சிருக்கே?"

"அது... நேத்து ராத்திரி பலமான குளிரு."

"சரி, உடைச்சு விடுங்க. அந்தக் கதவு நீள மீனை நானும் ஒரு தடவை பார்க்கணும்."

கடப்பாரையால் உடைத்துச் சில்லுகளை அள்ளிப் போட்டார். போட்டு நிமிர்ந்ததும் பெனடிக்டை அவர் கோட்டுக்குள் சொருகினேன்.

"இவனைக் கொஞ்சம் பிடிங்க. வெளிய நில்லுங்க. இருட்டா இருந்தாத்தான் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க?"

கதவைச் சாத்தினேன். நான் வந்தது மீனுக்காக இல்லை. அந்தத் தலையணைக்காக. ஒப்புக்குப் பொய்மீனைத் துளைக்குள் இறக்கிவிட்டு, படுக்கலாம் என்று குனிந்தேன்.

குனிந்தவள் நிமிரவில்லை.

உள்ளே இருட்டு; வெளியே பனிக்கட்டி வழியாகத் தண்ணீரில் இறங்கிய வெளிச்சம் கீழேயிருந்து மேலே வந்தது. கோவிலின் வண்ணக் கண்ணாடியைத் தரையில் படுக்க வைத்தது போல, துளை முழுக்கப் பச்சை ஒளி. அடியில் மணல், மணலின் ஒவ்வொரு மடிப்பும். நீர்ச்செடிகள் அசங்காமல் நின்றன. நடுவில் என் கிழங்குமீன் வார்னிஷ் மினுங்க, தன் வட்டத்தைப் போட்டது. வீட்டிலே பார்த்தது ஒன்றுமே இல்லை. இங்கே அது மீன்.

இப்படி ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் முதுகைக் காட்டித் தூங்கியிருக்கிறார்!

பிறகு அது வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. இல்லாமல் இருந்தது, பிறகு இருந்தது. வாத்து மூக்கு, புள்ளி போட்ட உடம்பு, அசையாத கண். பொய்மீனின் மூக்கோடு மூக்கு வைத்து நின்றது. அப்படியே, அவர் சொன்ன மாதிரியே! என் கை நீளம்தான் இருக்கும். ஆனாலும் மீன் பார்த்தவர்கள் ஏன் கையை அவ்வளவு அகலமாக விரிக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. ஈட்டி சுவரில் சாய்ந்திருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. மூச்சு விடவே தோன்றவில்லை.

கதவில் தட்டல்.

"ஓடி! இவன் நிறுத்த மாட்டேங்கிறான்! வீட்டுல எப்படி நிறுத்துவே?"

"தொட்டியில ஒரு பொய்மீனை நீந்த விடுவேன். வாயைப் பொளந்து பார்த்துட்டே இருப்பான்."

"அட, சொல்லக் கூடாதா? எங்க இருக்கு அது?"

"இங்கதான், தண்ணிக்குள்ள."

"கொடு இப்படி!"

"முடியாதுங்க, வேலையா இருக்கு. ஒருத்தர் மூக்கோடு மூக்கு வைச்சு நிக்கிறார். கதவு நீளம்."

"யார்கிட்ட கதை விடறே! அப்படி ஒரு மீன் இந்த ஏரியிலயே கிடையாதுடி!"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். வெளியே பனியில் அவர் பூட்ஸ் இரண்டு அடி பின்வாங்கியது கேட்டது. ஏரி ஒரு தடவை நீளமாக முழங்கி ஓய்ந்தது.

நான் தலையணையைத் துளையோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டேன்.