குளியலறைக் கதவும் மூன்றாவது பேஸும்

குளியலறைக் கதவைக் கழற்றிய பிறகுதான், மரம் இழைக்கும் மிஷினுக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும் என்பது நூலகருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வருவதோ ஒரே பேஸ்.

முப்பது வருஷம் ஊரையே "உஷ்" என்று அடக்கிவிட்டு ஓய்வுபெற்ற மனிதர். இனி ஊர் காதைப் பொத்திக்கொள்ளட்டும் என்று மரப்பட்டறை வைக்க முடிவுகட்டி, யானைக்குட்டி கனத்தில் ஒரு பழைய மிஷினை வாங்கி வந்து கார் ஷெட்டில் இறக்கியிருந்தார். மழையில் உப்பி, சாத்த முடியாமல் முரண்டு பிடித்த கதவுதான் முதல் வேலை.

"சனிக்கிழமை என் தங்கச்சி குடும்பத்தோட வர்றா. அதுக்குள்ள கதவு நிக்கலன்னா, மிஷின் பழைய இரும்புக்குப் போயிடும்," என்றாள் மனைவி. அவள் குரலை உயர்த்தவில்லை. நூலகர் உடனே கார் ஷெட்டுக்கு ஓடினார்.

வீட்டுக்கு வருகிற இரண்டு கம்பியையே மிஷினில் மாட்டிப் பார்த்தார். மோட்டார் சுற்றவில்லை. கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி உம்மென்று உறுமியது.

"ஏங்க, ஒரே பேஸ் இருந்தா ஏன் சுத்த மாட்டேங்குது?"

ஊஞ்சலை முதலில் யாராவது தள்ளிவிட வேண்டாமா என்று நூலகர் விளக்கினார். அப்படியானால் கையால் தள்ளிவிட்டால் எந்தப் பக்கம் சுற்றும் என்று அவள் கேட்டாள். அது தெரியாததால் மச்சானுக்கு, அதாவது அவள் தம்பிக்கு, போன் போட்டார்.

மச்சான், மோட்டாரைத் தள்ளிவிட ஒரு கெப்பாசிட்டரோடு வந்தான். மாட்டியதும் மோட்டார் சுற்றியது; வீட்டில் மற்ற எல்லாம் நின்றது. ஃபிரிட்ஜ், ஃபேன், வாஷிங் மிஷின் எல்லாம் போச்சு. பேட்டரியில் ஓடும் சுவர்க்கடிகாரம்கூட மரியாதைக்கு ஒரு நிமிஷம் நின்றது.

மறுநாள் மச்சான் இன்னொரு பெரிய மோட்டாரைத் தூக்கி வந்தான். அதைச் சும்மா சுற்றவிட்டால் குறைகிற பேஸை அதுவே கொடுத்துவிடுமாம். ஆனால் அதையும் பம்பரம் மாதிரி கயிறு சுற்றி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தாள். ஓடியது. மிஷினும் ஓடியது, எதிர்ப்பக்கமாக. கொடுத்த கதவை வெடுக்கென்று பிடுங்கி வீசியது. கதவு வரவேற்பறை வரை பறந்துபோய்ச் சோபாவில் உட்கார்ந்துகொண்டது.

"ரெண்டு கம்பியை இடம் மாத்திப் போடுங்க," என்றாள் மனைவி.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"மிஷினோட ஒரு புத்தகம் வந்துச்சுடா. நூலகர் வீட்ல அதை நான் ஒருத்திதான் படிச்சேன்."

மாற்றினார்கள். மிஷின் நேராக ஓடியது. இப்போது தெருவிளக்குகள் ஒன்றையொன்று பார்த்துக் கண்ணடிக்க ஆரம்பித்தன. எதிர்வீட்டு லிஃப்ட் பாதியில் நின்று யோசித்தது.

ஐந்தே நிமிஷத்தில் வாசலில் மின்வாரிய லைன்மேன், ஏணியோடு.

நூலகர் பாய்ந்துபோய் மிஷின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தினார். ஓடிக்கொண்டிருந்த மிஷின் அந்தப் போர்வையை இழைத்துத் தள்ளியது. இனி மறைக்க ஒன்றும் இல்லை. எதுவானாலும் பறிமுதல் மட்டும் வேண்டாம், ஒரு கதவாவது இழைத்துக்கொள்கிறேன் என்று கையைப் பிசைந்தார்.

லைன்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று பேஸ் இணைப்பு கேட்டு இந்த வீட்டிலிருந்து போன வாரமே விண்ணப்பம் வந்திருக்கிறது, அந்த இணைப்பைக் கொடுக்கத்தான் வந்தேன் என்றார்.

நூலகர் மனைவியைப் பார்த்தார். அவள் உத்தரத்தைப் பார்த்தாள். திட்டிக்கொண்டே தனக்காக இவ்வளவு செய்திருக்கிறாளே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

லைன்மேன் விண்ணப்பத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"நீங்க போடக் கூடாது சார். பட்டறை முதலாளின்னு அம்மா பேருதான் இருக்கு. உங்களை உதவியாளர்னு போட்டிருக்காங்க."