பதினாலு கால்

தலை எது, வால் எது என்று தெரியவில்லை. தீனாவின் உள்ளங்கையில் செத்த பூச்சி போல மல்லாந்து கிடந்தது அந்தப் பதினாலு கால் ஐசி சில்லு.

"திருப்பி மாட்டினா இன்னா ஆவும்?" என்றாள் கலைவாணி.

"சூடாயி வெந்துடும் அண்ணி."

"உங்க அண்ணன் குரலு?"

"அதுவும் சேந்துதான்."

அவள் கணவன் பூவரசன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் எட்டு மாதம் ஆகிவிட்டது. விடியலில் கரையேறி வந்து வாசலில் கத்தச் சோம்பல்பட்டு, காலிங் பெல்லில் தன் குரலையே பதிந்து வைத்தவன். பொத்தானை அமுக்கினால், "கலை, நான்தான். கதவத் தொற" என்று பெல் சொல்லும். அவன் குரல் மிச்சமிருந்தது அந்த ஒரு ஐசிக்குள்தான். உப்புக்காற்றில் போர்டு அரித்து பெல் ஊமையானதும், மீஞ்சூரில் டிவி கம்பெனிக்குப் போகும் கொழுந்தன் தீனா புது போர்டோடு வந்திருந்தான்.

"நேத்து கழட்டும்போதே தலையக் கடல் பக்கமா வெச்சேனே, அலமாரில."

லைட்ஹவுஸ் குப்பத்தில் படகைக்கூட அப்படித்தான் நிறுத்துவார்கள்.

"காலையில தூசி தட்டுனேன் தீனா."

"தட்டிட்டு?"

"வெச்சேன். எப்புடி வெச்சேன்னு யாரு பாத்தா?"

"சரி, தலையில பொறந்தப்பவே ஒரு வெட்டு இருக்கும்."

ஆனால் உப்பு ஏறக்கூடாது என்று பூவரசன் ஐசியின் மேல் ஃபைபர் படகுக்குப் பூசும் ரெசினைப் பூசியிருந்தான். தீனா மீன் கத்தியால் சுரண்டினான். கத்தி வழுக்கி, ஒரு பக்கம் வெட்டு விழுந்தது. மறுபக்கம் சுரண்டியதில் பழைய வெட்டு தெரிந்தது. இப்போது இரண்டு வெட்டு. எது எவனுடையது?

"எழுத்து இருக்குமே!" என்று பெயிண்ட் தின்னரில் துடைத்தான். ரெசின் போனது. எழுத்தும் போனது.

"டிவி கம்பெனியில இன்னாதான் வேல பாக்குற நீ?"

"பேக்கிங்."

கலைவாணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கோச்சுக்காத அண்ணி. தலைக்கு இடப்பக்கம் மொதக் காலு. அங்கேருந்து எறங்கிப் போயி, எதிர்ப்பக்கமா ஏறி வரணும். ஒண்ணுக்கு எதுர்ல பதினாலு."

"கரைவலை மாதிரி. ஒரு கயித்தக் கரையில குடுத்துட்டுப் போயி, வளைச்சுக்கினு மறு கயித்தோட கரைக்கே வர்றது."

"அதேதான்! கரை எந்தப் பக்கம்னுதான் தெரியல."

வெளியே அலைச்சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது. வீடு அந்தியில் சாம்பலாகிவிட்டது. காற்றே இல்லாமல் கதவுக் கொண்டி ஒருமுறை ஆடி நின்றது.

"குடு" என்று ஐசியை வாங்கினாள். இருபது வருடம் இருட்டில் இறால் தரம் பிரித்த விரல்கள். கண்ணை மூடித் தடவினாள்.

"இந்த வெட்டு வழவழன்னு இருக்கு. அது சொரசொரப்பு, உன் கத்தி. இதுதான் தல."

"நீ கம்பெனிக்கு வா அண்ணி, நான் இறால் பிரிக்கிறேன்."

கதவடியில் உட்கார்ந்து, போர்டை மடியில் வைத்து, அரையிருட்டில் ஐசியைத் தடவித் தடவிக் கட்டைவிரலால் அழுத்தினான். 'டிக்' என்றது.

"உக்காந்துச்சு!" மூடியைப் போட்டு, கரன்ட் இல்லாததையும் மறந்து பொத்தானை நோக்கி விரலை நீட்டினான்.

விரல் படவில்லை.

"கலை, நான்தான். கதவத் தொற."

தீனா ஓவென்று அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். "பாத்தியா! பேக்கிங்காரன் வேலைய!"

கலைவாணி எழுந்தாள். பெல் ஊமையானதிலிருந்து கேட்காத அந்தச் சொல்லுக்குக் கைகள் தாமாகவே கொண்டியை நீக்கின. கதவைத் திறந்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டு சூசையம்மாள், கருவாட்டுக் கூடையோடு ஒற்றைக் காலில் நின்று, உள்ளங்காலிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி கலை, ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்ட இந்தக் கம்பிக்காலு பூச்சி உன் கதவுக்கடியிலேருந்து எகிறி வந்து என் கால்ல குத்திடுச்சு பாரு!"