முப்பது நாள் துக்கம்

துக்கத்துக்கு இவ்வளவு மரியாதை செய்யத் தெரிந்த அவை உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். அந்த அமெரிக்க மாநிலச் சட்டமன்றத்தின் ‘பொதுப் பாதுகாப்புக் குழு’ ஓர் உன்னத விதியை வைத்திருந்தது. மாநிலத்துக்குள் எங்காவது துப்பாக்கிச் சூட்டில் நாலு பேரோ அதற்கு மேலோ இறந்தால், முப்பது நாளைக்குத் துப்பாக்கிச் சட்டம் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. சூட்டோடு சூடாகப் பேசினால், உணர்ச்சிவசப்பட்டு ஏதாவது நல்லது செய்துவிடும் அபாயம் இருக்கிறதல்லவா?

முதல் வகுப்பு ஆசிரியை வெர்னா ஹால்பெக் இந்த விதியின் அருமையை நன்றாக அறிந்தவள். நான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய மகன் நோலன் ஒரு கடைக்கு டோனட் வாங்கப் போனான். அன்று காலையில்தான் துப்பாக்கி வாங்கிய ஒருவனும் அதே கடைக்கு வந்தான். நோலனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அதன்பிறகு வெர்னா ஊர் ஊராக அலைந்து கையெழுத்து வாங்கி, ஒரு மசோதாவைக் குழுவின் முன் கொண்டுவந்து சேர்த்தாள். துப்பாக்கி வாங்குகிறவர் முப்பது நாள் காத்திருந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அதைப் பற்றிப் பேச ஆறு முறை தேதி குறித்தார்கள். ஆறு முறையும், இருபதாம் நாளோ இருபத்தெட்டாம் நாளோ, எங்கோ ஒருவன் சுட்டுத் தொலைத்தான். துக்கம் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கியது.

ஏழாவது முறை அதிசயமாக முப்பத்தோராம் நாள் விடிந்தது.

சட்டமன்ற வாசலில் காவலர் பணிவாகக் கேட்டார்.

“துப்பாக்கி இருக்கா மேடம்?”

“இல்லைங்க.”

“உரிமத்தோட வச்சிருந்தா நேரா உள்ளே போயிடலாம். இல்லேன்னா அந்த வரிசைல நின்னு சோதனை முடிச்சுத்தான் வரணும்.”

நாற்பது நிமிடம் நின்றாள். நோலனின் படத்தை ஒட்டி அவள் ஏந்தி வந்த மரக்குச்சியைக் காவலர் பிடுங்கிக்கொண்டார். “குச்சியெல்லாம் ஆகாது மேடம். யார் கண்ணுலயாவது குத்திட்டா?”

பாதுகாப்பில் அவர்களுக்கு இருந்த அக்கறை அப்படி.

குழுத் தலைவர் கிளேட்டன் ரக்கர் இரக்க குணம் படைத்தவர். அஞ்சலிக்கென்றே மேசை இழுப்பறையில் ஒரு கறுப்பு டை வைத்திருப்பவர்.

“வாங்கம்மா, உங்களுக்கு ரெண்டு நிமிஷம். ஆனா முப்பது நாள் ரொம்ப ஓவர் இல்லையா? ஒரு நல்ல மனுஷன் ஆசைப்பட்டுக் கடைக்குப் போறான். வெறுங்கையோட திரும்பி வரணும்னா அவன் மனசு என்ன பாடுபடும்?”

“என் மனசு படுற பாட்டைச் சொல்லத்தான் சார் வந்திருக்கேன்.”

அவள் தாளைப் பிரிப்பதற்குள் குழுவின் செயலாளர் டெனிஸ் ஓடி வந்தாள். “சார், வடக்கே ஒரு சலவைக் கடைல சுட்டுட்டானாம்!”

“எத்தனை பேரு?”

“மூணு.”

ரக்கர் பெருமூச்சு விட்டார். “மூணுன்னா விதி வராது. நீங்க பேசுங்கம்மா.”

மூணுதான் என்றதும் தன் மனம் ‘அப்பாடா’ என்றதை வெர்னா உணர்ந்தாள். அடுத்த கணமே தன்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. தாளைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினாள். “என் பையன் பேரு நோலன்...”

டெனிஸின் கைப்பேசி மறுபடி அதிர்ந்தது.

“நாலாயிடுச்சு சார். ஆஸ்பத்திரில ஒருத்தர் போயிட்டாராம். சுட்டவன் இன்னிக்குக் காலைலதான் துப்பாக்கி வாங்கினானாம். இருபது நிமிஷத்துல குடுத்துட்டாங்களாம்.”

ரக்கர் கறுப்பு டையை எடுத்துக் கட்டிக்கொண்டார். “சட்டம் பேசுற நேரம் இது இல்லம்மா. முப்பது நாள் கழிச்சு வாங்க. எல்லாரும் எழுந்திருங்க, மௌன அஞ்சலி.”

எல்லாத் தலைகளும் குனிந்தன. வெர்னாவின் தலை மட்டும் குனியவில்லை.

“துப்பாக்கி வாங்க இருபது நிமிஷம், அதைப் பத்திப் பேச முப்பது நாள். ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்க சார். எங்க மசோதா அவ்வளவுதான்.”

“உஷ்! செத்தவங்களுக்குக் கொஞ்சமாவது மரியாதை குடுங்கம்மா!”

இரண்டு காவலர்கள் அவளை வெளியே அழைத்துப் போனார்கள்.

குழு கைகட்டி வேடிக்கை பார்த்தது என்று இனி யாரும் பழி சொல்ல முடியாது. சலவைக் கடையில் நாலு பேர் செத்ததை ஒட்டி, அன்றைக்கே அது ஒரு கடும் நடவடிக்கை எடுத்தது. மௌனத்தைக் கலைத்த குற்றத்துக்காக, ஒரு தாய் அவைக்குள் நுழைய ஓராண்டுத் தடை விதித்தது.