கற்பூரத்தட்டும் என் பேஸ் பெட்டியும்

புதிதாக ஒரு சாமான் வாங்கியவனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. எதிரில் யார் அகப்பட்டாலும் விளக்கம் சொல்லியே கொன்றுவிடுவான். நான் வாங்கியது ஒரு அனலாக் பேஸ் சிந்தசைசர்; கீபோர்டு மாதிரிக் கட்டைகள் வைத்த, அடித்தொண்டையில் உறுமும் மின்சாரப் பெட்டி. கொன்றது கவிதாவின் அப்பாவை.

அப்போது அம்பத்தூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தேன். கவிதாவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. அவள் அப்பா திருநெல்வேலிக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். "கச்சேரிக்காரனுக்கா பொண்ணு?" என்று முறைத்துக்கொண்டிருந்தவர், கவிதா அழுது அடம்பிடித்த பிறகு, மூத்த மகளின் ரிசப்ஷனுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டார். அன்றைக்கு என்னைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். (பெண் பார்ப்பது கேள்விப்பட்டிருப்பீர்கள். இது அதன் உல்டா.)

கள்ளிக்குப்பம் மண்டபத்தில் அவர் மேடைப் பக்கம் வந்ததுமே பிடித்துக்கொண்டேன். "சார், இதுக்குள்ள சத்தம் எழுப்ப ஆஸிலேட்டர்னு ரெண்டு இருக்கு. ரெண்டும் ஒரே சுருதியில இருந்தா சப்புனு இருக்கும். ஒண்ணை மட்டும் நூலளவு விலக்கி வெச்சா, ரெண்டும் சேர்ந்து சேர்ந்து பிரியும். சேர்றப்போ சத்தம் ஏறும், பிரியறப்போ இறங்கும். அந்த அசைவுதான் சார் அழகு. காலையிலேர்ந்து உட்கார்ந்து சரிபண்ணியிருக்கேன்."

அவர் ஒரு பெரிய கொட்டாவி விட்டுவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

எங்கள் டிரம்ஸ்காரன் தில்லி பதறினான். "இன்னா மாமே, புதுப் பொட்டிக்குப் பூசை போடாமயே வாசிக்கப் போறியா? கண்ணு பட்டுடும்!" சந்தனம், குங்குமம் வைத்தான். பித்தளைத் தட்டில் கை நிறையக் கற்பூரம் கொட்டி, தட்டைப் பெட்டியின் தலையிலேயே வைத்துக் கொளுத்தினான். நானும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆஸிலேட்டருக்குச் சூடு ஆகாது, சூடு ஏறினால் சுருதி நகர்ந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் இந்த மேதைதான்.

முதல் பாட்டே குத்துப்பாட்டு. கையை வைத்தேன். 'ம்வா, ம்வா, ம்வா' என்றது பெட்டி. நூலளவு விலகல் முழக்கணக்கில் போயிருந்தது. காலையில் மெதுவாக அசைந்தது இப்போது குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உதறியது. மேல் கட்டைக்குப் போனால் உதறல் வேகமானது, கீழே வந்தால் மந்தமானது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வேகம், தில்லிக்குத் தனி வேகம். பாடகி திரும்பிப் பார்த்த பார்வையில் இன்னொரு தட்டு கற்பூரம் எரிந்திருக்கும். கவிதா முகத்தைப் பொத்திக்கொண்டாள். கல்யாணம் அம்பேல் என்று தெரிந்துவிட்டது. பயத்தில் என் விரல் ஒரே கட்டையில் உறைந்து நின்றது.

நின்றதும் உதறலும் ஒரே வேகத்துக்கு வந்தது. ம்வா, ம்வா, ம்வா. சீராக, ஒரு குலுக்கல்கூடப் பிசகாமல்.

"டேய், அப்டியே வெச்சிகினு இரு, நான் புடிச்சிக்கிறேன்!" என்று கத்திய தில்லி, அந்த உதறல் மேலேயே அடியை இறக்கினான். மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறி, பக்கத்துக் கட்டைக்குப் போனேன். உடனே எல்லார் காலும் தடுமாறியது.

"ஏ தம்பி! வெரல எடுத்துறாதல! அப்படியே கெடக்கட்டும்!"

கவிதாவின் அப்பாதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நின்றார். நான் பழைய கட்டைக்கே ஓடிவந்தேன். மனிதர் என்ன ஆட்டம் ஆடினார் தெரியுமா! பாட்டு முடியும்வரை ஒரே கட்டை, ஒரே விரல். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

முடிந்ததும் வேர்க்க விறுவிறுக்க மேடைக்கு வந்தார். "காலையிலேர்ந்து சரிபண்ணினேன்னு சொன்னீரே, இதுக்குத்தானா?"

"ஆமா சார்" என்றேன், கூசாமல்.

"இனிமே என்னவே சாரு? மாமான்னு கூப்பிடும்."

இப்போதும் எங்கள் குடும்பத்தில் எது தப்பித்தவறி ஒழுங்காக ஓடினாலும், மாமா அன்றைக்குக் கூட்டத்தின் நடுவில் நின்று கத்திய அந்த வாசகம்தான். மக்கர் பண்ணும் கிரைண்டர் சுற்ற ஆரம்பித்தால் மாமியார் சொல்வார். நேற்றுகூட, அழுது ஓய்ந்த எங்கள் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகத் தூங்கிப்போனாள். கை மரத்துப்போய் மெதுவாக உருவப் பார்த்தேன். "வெரல எடுத்துறாதல" என்று கிசுகிசுத்தாள் கவிதா.

எடுக்கவில்லை. அன்றைக்கு எடுத்திருந்தால் இந்தக் குழந்தை ஏது?