பெரிய குழாய் ஓரத்து ஈரல்

திண்டுக்கல்
12.8.2006

அன்பு மைத்துனன் ரொனால்டுக்கு,

உன் அக்கா புருஷன் மிக்கேல்ராஜ் எழுதுவது. ஆண்டவர் அருளால் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். ஈரலில் நெல்லிக்காய் அளவு கட்டியை வைத்துக்கொண்டு அப்படி எழுதக் கை வரவில்லை.

மதுரையில் நீ ஏற்பாடு செய்த டாக்டரை நான் நம்பவில்லை. மனுஷன் ரொம்பச் சிரிக்கிறார். கத்தியே வேண்டாமாம், கட்டிக்குள் ஊசியை இறக்கி ரேடியோ அலையால் சூடேற்றிப் பொசுக்கிவிடுவாராம். ரேடியோவாம்! கொடைக்கானல் எஃப்.எம்.மைப் பக்கத்தில் பாடவிட்டுத்தான் தினமும் சமைக்கிறேன், ஒரு நாளாவது அது என் சட்டியைச் சூடாக்கியிருக்கிறதா? சரி, போகட்டும். மணிக்கூண்டுப் பக்கத்து மெஸ்ஸில் இருபத்தாறு வருஷமாக ஆட்டு ஈரல் வறுக்கிறவனுக்கு, ஈரலில் சூடு பட்டால் என்ன ஆகும் என்று படம் போட்டு விளக்குகிறார் மாப்ளே, யாருகிட்ட வந்து! சின்னச் சின்ன ரத்தக்குழாயெல்லாம் சூட்டுல உறைஞ்சு அடைச்சுக்கிருமாம், கட்டிக்குத் தீனி நின்னுபோகுமாம். "அது சரிங்க டாக்டர், பெரிய குழாய் என்னாகும்?"னு கேட்டேன். சட்டியிலயே பெரிய குழாய் ஒட்டுன ஓரந்தான் கடைசியா வேகும், எனக்குத் தெரியாதா? சிரிப்பு பட்டுனு நின்னுபோச்சு. "அதுல ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், சூட்டை இழுத்துட்டுப் போயிரும். அந்த ஓரத்துல கட்டி கொஞ்சம் தப்பிச்சாலும் தப்பிக்கும், மறுபடி ஸ்கேன் பாப்போம்"ங்கிறாரு. பாத்தியா! என் கட்டி சரியா அங்கனதான் உக்காந்திருக்கு. சின்னவன் பூராம் கருகணும், பெரியவனுக்கு ஒண்ணும் ஆகாது, ஈரலுக்குள்ளயும் இதே நியாயந்தானா?

உன் அக்கா ரோசலின் மேலும் எனக்குச் சந்தேகம். "டாக்டருக்கே சமையல் சொல்லிக் குடுக்காதீக, கையெழுத்தப் போடுங்க"ன்னு ஒரு தடவை சொன்னா, அம்புட்டுத்தான். அப்புறம் மூணு நாளா என்கூடச் சண்டையே போடல. இவளத் தனியாக் கூப்பிட்டு என்னத்தையோ சொல்லியிருக்காரு அந்த ஆளு.

ஆகையால் எனக்குச் சம்மதமில்லை. 24ஆம் தேதி வியாழக்கிழமை என்று நாள் குறித்திருக்கிறார். நான் போகப்போவதில்லை, நீயும் கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டு வராதே.

பிரிஸ்கில்லாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. உங்களை ஆரோக்கிய மாதா பார்த்துக்கொள்வாள். என்னை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மிக்கேல்ராஜ்

பி.கு.: ஒட்டும் முன்னே ரோசலின் இதை வாங்கிப் படித்துவிட்டாள். அப்போதும் சண்டை போடவில்லை, அழுதாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துரு மாப்ளே, பயமா இருக்கு. நீ படிச்சவன், டாக்டர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லு. பெரிய குழாய் ஓரத்தை மட்டும் இன்னும் செத்த நேரம் விட்டு எடுக்கச் சொல்லு.