ஸ்க்ரூட்ரைவர் மாப்பிள்ளையின் ஏழு செகண்ட்

பழைய லேப்டாப்பைப் புதிதாக்கியவர் என்று ஓர் இனம் உண்டு. கழற்றும்வரை இவர்களும் நம்மைப் போலத்தான்: சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், மழை வருமா என்று கேட்பார்கள். அடிப்பக்க மூடியைத் திறந்து, உள்ளே சுழன்றுகொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் சுழலாத எஸ்.எஸ்.டி. ஒன்றைச் செருகி, பக்கத்துப் பள்ளத்தில் கூடுதலாக ஒரு ராம் மெமரியையும் அழுத்தி, 'டிக்' என்று சத்தம் கேட்டதோ இல்லையோ, ஆள் மாறிவிடுவார். அதன் பிறகு அவர் வெறும் மனிதர் இல்லை. இதய நிபுணர்.

நாம் பார்க்கப்போகிறவருக்கு உறவுக்காரர்கள் வைத்த பெயர் ஸ்க்ரூட்ரைவர் மாப்பிள்ளை. பிழைப்புக்குத் தண்ணீர் மீட்டர் சோதிக்கும் வேலை. அந்த லேப்டாப் அவருடையதுகூட இல்லை, மனைவியுடையது. மனைவி கட்டட வரைபடம் போடுபவர். குழந்தை பிறந்ததும் விட்ட வேலையை, அது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி பிடித்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். போட்ட படங்களெல்லாம் அந்த லேப்டாப்பில்தான். அதுவோ, சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்த் துணி துவைத்துக் காயப்போட்டுத் திரும்பினாலும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்.

"ஏங்க, இன்டர்வியூ வருது. புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?"

"புதுசா? இதுக்கு என்ன குறைச்சல்? உடம்பு கல்லு மாதிரி இருக்கு. நெஞ்சுதான் வீக்."

கல்லு மாதிரி இருந்த உடம்பின் லட்சணம் இது: கீல் உடைந்து, திரையைச் சுவரில் சாய்த்தால்தான் நிற்கும், பேட்டரி செத்து, வயரைப் பிடுங்கினால் உயிர் போகும், கீபோர்டில் மூன்று எழுத்துகள் ஓய்வு பெற்றுவிட்டன. இதையெல்லாம் மாப்பிள்ளை பார்ப்பாரா? நிபுணர் நெஞ்சை மட்டும்தான் பார்ப்பார்.

படங்களையெல்லாம் எஸ்.எஸ்.டி.யில் நகலெடுத்த பிறகு, ஆபரேஷன் கட்டில்மேல் நடந்தது. ஃபேனை நிறுத்தச் சொன்னார். மனைவி டார்ச் பிடித்தார். "ஆடாம பிடி. மூச்சு இந்தப் பக்கம் விடாத." மூடி போட்ட பிறகு மெத்தை விரிப்பில் மூன்று திருகுகள் மிச்சம் கிடந்தன.

"இது எங்கங்க போகணும்?"

"அது கம்பெனிக்காரன் அழகுக்குப் போடறது."

சும்மா சொல்லக் கூடாது, லேப்டாப் பறந்தது. பட்டனை அழுத்தினால் ஏழே செகண்ட். மனைவிக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஒரு நாள் இருந்தது.

பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளை அதை வேலை செய்வதற்காக வேகமாக்கவில்லை, காட்டுவதற்காக வேகமாக்கியிருக்கிறார் என்று. வீட்டுக்கு வருகிறவர் உட்காருவதற்குள் லேப்டாப் வயரோடு அவர் மடியில் வந்துவிடும்; திரையை இவர் கையால் தாங்கிக்கொள்வார். "வாட்ச்சப் பாருங்க!" ஏழு செகண்ட். வந்தவர் "அட!" என்பார். உடனே அணைத்துவிட்டு, "மறுபடி பாருங்க!" குளியலறைத் தண்ணீர் கீழே ஒழுகுகிறது என்று சண்டைக்கு வந்த கீழ்வீட்டுக்காரர் நான்கு முறை பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதே மறந்து படியிறங்கினார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், இறந்தவரின் லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்து, "பெரியவரத்தான் காப்பாத்த முடியல. இதையாவது காப்பாத்திடலாம்" என்று அவர் மகன் தோளைத் தட்டினார். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இன்டர்வியூ நாள் வந்தது. கேமராவில்தான் பேச வேண்டும். எதிரில் இரண்டு பேர்: மேனேஜர் அம்மாள் ஒருவர், மூத்த இன்ஜினியர் ஒருவர். மாப்பிள்ளையைக் குளியலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "முடியறவரைக்கும் வெளிய வரவே கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மனைவி லேப்டாப் முன் அமர்ந்தார்.

நன்றாகத்தான் போனது. வீட்டு வரைபடம் ஒன்றைத் திறந்து காட்டினார்.

"ஸ்க்ரீன் கொஞ்சம் நடுங்கும் சார். பழைய லேப்டாப்பு, மன்னிச்சுக்குங்க."

"பழசா?" என்றார் இன்ஜினியர். "படம் சட்டுனு வந்துடுச்சே!"

குளியலறைக் கதவு திறந்தது.

"ஏழு செகண்ட் சார்! வெறும் ஏழு! காட்டட்டுமா?"

"ஏங்க, வேண்டாங்க, கையத் தொட்டுக் கேக்கறேன்..."

பட்டன் அழுந்திவிட்டது. மேனேஜர் போனார், இன்ஜினியர் போனார், வீட்டு வரைபடம் போனது, அத்தனை வருஷத் தவிப்பும் கறுப்புத் திரைக்குள் போனது. மாப்பிள்ளை மட்டும் ஈரக்காலோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

ஏழு சொன்னதும் திரை வந்துவிட்டது. சத்தியத்தைக் காப்பாற்றாவிட்டாலும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். திரும்ப வீடியோ அழைப்புக்குள் நுழைந்தால், இன்ஜினியரின் முகம் சிவந்திருக்கிறது.

"எனக்கு ஒன்பது ஆகுதே! ராம் எப்படிப் போட்டீங்க?"

"ஜோடியாப் போடணும் சார். ஒத்தையாப் போட்டா இந்த ஓட்டம் ஓடாது."

"ஜோடிதான் போட்டிருக்கேன்! நம்பலையா? இருங்க, ஆஃப் பண்ணிக் காட்டறேன்."

இன்ஜினியர் மறைந்தார். விடுவாரா மாப்பிள்ளை? இவரும் அணைத்தார். அவர் வரும்போது இவர் இல்லை, இவர் வரும்போது அவர் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள்.

மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். செல்போன் அடித்தது.

"நான்தாம்மா, மேனேஜர். அழறியா?"

"இல்ல மேடம்."

"அழாத. இங்க இவரு பாதி ஆபீஸக் கழட்டிப் போட்டிருக்காரு. ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு கம்ப்யூட்டர மேசைக்கடியில ஒளிச்சு வச்சிருக்கா. அத விடு. அந்த வீட்டுப் படத்துல மாடிப்படிய ஏன் பின்னால தள்ளின?"

"முன்னால வச்சா சமையலறைக்கு வெளிச்சமே வராது மேடம். நாள் முழுக்க லைட்டுப் போட்டுத்தான் நிக்கணும்."



"திங்கட்கிழமை வந்துடறியா?"

மனைவி கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார். "எனக்கு எந்த மாதிரி கம்ப்யூட்டர் மேடம் தருவீங்க?"

"புத்தம் புதுசு. இன்ஜினியர் கண்ணுல படாம பீரோவுல பூட்டி வச்சிருக்கேன். வீட்டுக்கு மட்டும் எடுத்துட்டுப் போயிடாத."

"சத்தியமா மாட்டேன் மேடம்."

கூடத்தில் மாப்பிள்ளை கத்தினார்: "ஆறரை! இந்தா பாரு, ஆறரை!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு தூரம் படித்தும், அந்த எஸ்.எஸ்.டி. எத்தனை ஜி.பி., ராம் எவ்வளவு என்று ஓரிடத்தில்கூட எழுதவில்லையே இந்த ஆள் என்று உள்ளுக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருந்ததா?

இருந்ததென்றால், பக்கத்தில் இருப்பவரின் லேப்டாப்பிலிருந்து முதலில் கையை எடுங்கள்.